துண்டுக்காரர் தோற்ற திங்கட்கிழமை

சொர்ணத்தாய் மதினி டென்னிஸ் பார்க்க ஆரம்பித்தது அவள் புருசன் திருப்பதி அண்ணன் இறந்த வருடத்தில். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடம் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பொங்கல் வைப்பதில்லை, கல்யாண வீட்டுக்குப் போவதில்லை, டிவி போடுவதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மகன் சோலைராஜ் திருப்பூருக்கு, தன் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் மதினி ஒருத்தி. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம்கூட இந்தப் பக்கம் கேட்கும். அந்த நாட்களில் அதுவும் கேட்கவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் 'டொக்... டொக்...' என்று ஒரு சத்தம் வந்தது. தூரத்தில் யாரோ விறகு பிளப்பது மாதிரி, ஆனால் அவசரமே இல்லாமல். எட்டிப் பார்த்தேன். மதினி டிவிக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நீலத் தரையில் இரண்டு பேர் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நீலம் அவள் முகத்திலும் சேலையிலும் லேசாகப் படிந்திருந்தது.

"என்ன மதினி, டிவி போட்டிருக்கீங்க?"

"இதுல பாட்டே இல்லைட்டி. எல்லாத்தையும் தேடிப் பாத்துட்டேன். செய்தியிலகூட மொதல்ல கொட்டடிக்கான். இதுல மட்டுந்தான் அம்புட்டுச் சனமும் வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கு. நம்ம வீட்டுச் சாவுக்குத் துட்டி கேக்க வந்த மாதிரி."

விளம்பரம் வந்தால் மட்டும் சத்தத்தை அடைத்துவிடுவாள். ஆட்டம் திரும்ப வந்ததும் சத்தத்தை வைப்பாள். அப்படியே பழகிவிட்டது. வருடம் திரும்பி, பாட்டுக் கேட்கலாம் என்று ஆன பிறகும் அவள் அதை விடவில்லை. காட்டு வேலை முடிந்து, குளித்து, விளக்கேற்றி வைத்துவிட்டு உட்காருவாள். பல நாள் நானும் போய் வாசல்படியில் இருந்துகொள்வேன். இரண்டு பேரும் அதிகம் பேச மாட்டோம். பந்து அங்கே போகும், இங்கே வரும். கண்ணும் கூடவே போய் வரும். கொஞ்ச நேரத்தில் தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் ஒரு நிலை வரும். அதற்காகத்தான் அவள் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

விதிகளை யாரும் சொல்லித் தரவில்லை. கோட்டுக்கு வெளியே விழுந்தால் போச்சு, வலையில் விழுந்தால் போச்சு. தோற்றவன் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கையைக் காட்டிவிட்டு முதலில் வெளியே போவான். மறுநாள் அவன் வர மாட்டான். இவ்வளவும் பார்த்துப் பார்த்தே தெரிந்தது. எண்ணிக்கைதான் பிடிபடவில்லை. களை எடுக்கிற இடத்தில் மதினி இதைப் பற்றிச் சொன்னபோது, எங்கள் கூட்டத்தில் வாய்த்துடுக்கான பேபி நிமிர்ந்து நின்று கேட்டாள்.

"அது எப்படி மதினி? பதினஞ்சு, முப்பது, பொறவு நாப்பத்தஞ்சுல்லா வரணும்? நாப்பதுன்னா, அஞ்ச எவன் தின்னான்?"

"நடுவுல ஒருத்தன் ஏணி மாதிரி நாக்காலி போட்டு ஒசரத்துல உக்காந்திருக்கான். அவன் தின்னுருப்பான்."

ஆட்டக்காரர்களின் பெயர்கள் இங்கிலீஷில் ஓடும். எழுத்துக்கூட்டிப் பார்த்தாலும் எங்கள் வாயில் நிற்காது. அதனால் மதினி அவளே பெயர் வைத்துக்கொண்டாள். ஒருவன் பச்சைச்சட்டை. ஒருவன் முணுமுணுப்பான். கொஞ்சம் வயதான ஒருவர், காதோரம் நரைத்தவர், வலது முட்டில் பட்டை கட்டியவர், அவர் துண்டுக்காரர். மற்றவர்கள் முகத்தைத் துடைத்துவிட்டுத் துண்டைச் சுருட்டி எறிவார்கள். இவர் மட்டும், எவ்வளவு இக்கட்டான நேரமாக இருந்தாலும், துண்டை இரண்டாக மடித்து, ஓரம் பார்த்து வைத்துவிட்டு வருவார்.

"பொம்பளப்பிள்ளை இல்லாத வீட்டுல பெறந்து வளந்திருப்பாரு. வீட்டு வேலை எல்லாம் செஞ்சிருப்பாரு" என்றாள் மதினி.

அவர் ஆடுகிற நாளில் களைக்குப் போன இடத்தில் பேபி விட மாட்டாள். "இன்னைக்கு சீக்கிரம் கரையேறுவோம்டி. மதினி ஆளு வருதாரு!" மதினி கையில் இருந்த புல்லை வேரோடு அவள் மேல் எறிவாள். சிரித்துக்கொண்டேதான்.

வருடக் கடைசி ஆட்டம் என்று ஒன்று உண்டு. இத்தாலி தேசத்தில் நடக்கிறது. அந்த வருடம் முழுவதும் நன்றாக ஆடிய எட்டே எட்டுப் பேரைத்தான் அதற்குக் கூப்பிடுவார்கள். அது முடிந்தால் வருடம் முடிந்தது, பிறகு எல்லாரும் ஓய்வு. எங்களுக்கு அது ஐப்பசி கடைசி, கார்த்திகை முதல். மழை இறங்கி, உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் முளைத்து நிற்கிற நேரம். போன வருடம் இதே சமயத்தில் இடி விழுந்து மதினி வீட்டு டிஷ் கெட்டுப்போயிருந்தது. அதனால் இந்த ஆட்டத்தை அவள் இந்தத் தடவைதான் முதலில் பார்த்தாள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே டிவியில் எட்டுப் பேரையும் கறுப்புக் கோட்டுப் போட்டு வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள். ஏழு பேர் இளவட்டங்கள். கடைசியில் துண்டுக்காரர்.

"மாப்பிள்ளை மாதிரி இருக்காருல்லா" என்றாள் மதினி. ஆனால் அவள் சிரிக்கவில்லை. அந்த வாரம் அவள் மனதில் வேறு பாரம் இருந்தது.

எங்கள் ஊர் இடைசெவலுக்கு மேற்கே, பஸ் வந்து திரும்புகிற கடைசி ஊர். ஊருக்குக் கிழக்கே மதினிக்கு நாலு ஏக்கர் கரிசல் காடு. அண்ணனும் அவளும் இருபத்தைந்து வருடம் உழுதது. அதைச் சுற்றியுள்ள காடுகளை எல்லாம் சோலார் கம்பெனி ஒன்று முப்பது வருடக் குத்தகைக்குக் கேட்டது. ஊரில் முக்கால்வாசிப் பேர் கொடுத்துவிட்டார்கள். மதினியின் காட்டுக்கு வடக்கேயும் தெற்கேயும் கல் ஊன்றியாகிவிட்டது. இவள் கொடுத்தால் அந்த மண்ணில் இனி விதை விழாது. கொடுக்காவிட்டால் சுற்றிலும் கம்பி வேலி, நடுவில் இவள் ஒருத்தி. வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்று தரகர் சாமித்துரை அண்ணாச்சி சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு கம்பெனி இவள் நிலத்தை விட்டுவிட்டு வேலியை அடைத்துவிடும்.

மகனிடம் போனில் கேட்டாள். "உன் இஷ்டம்மா" என்றான். அண்ணன் தம்பிகளிடம் கேட்டாள். "ஒனக்கு எது தோணுதோ செய்யி" என்றார்கள். என்னிடமும் கேட்டாள். நான் என்ன சொல்ல? நானும் அப்படித்தான் சொன்னேன்.

"எல்லாரும் என் இஷ்டம்னுதான் சொல்லுதாவ. என் இஷ்டம் எதுன்னு எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் ஒவ்வொருத்தர்கிட்டயா போயி நிக்கேன்?" என்றாள்.

இப்படி முடிவு தெரியாத விஷயத்துக்கு எங்கள் ஊரில் அம்மன் கோவிலில் பூக்கட்டிப் பார்ப்போம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப்பூ, ஒன்றில் சிவப்புப்பூ. பூசாரி மடித்து அம்மன் காலடியில் போடுவார். ஒன்றை எடுத்துப் பிரித்தால் பதில். மதினி அதற்கும் போகவில்லை.

"பூசாரி வன்னியபெருமாள் அவரு காட்டையே கம்பெனிக்குக் கொடுத்துட்டாரு. நான் கொடுக்கலைன்னா அவரு காட்டுக்கு வேலி கோணலாப் போகுமாம். அவரு மடிச்ச பொட்டலத்த நான் எப்படி நம்புதது?"

அம்மனை நம்பினாள். பொட்டலத்தைத்தான் நம்பவில்லை. இரண்டு நாள் யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து கூப்பிட்டாள். போனேன். வாசலில் மல்லி காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கையால் துழாவிக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"நாளைக்கு துண்டுக்காரரு ஆடுதாரு. அவரு செயிச்சா நிலத்தக் கொடுக்கல. தோத்தா கொடுத்துருதேன். அம்மனை நெனச்சு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வச்சுட்டேன்."

"மதினி..."

"அவருக்கு என்னையும் தெரியாது, என் நெலத்தையும் தெரியாது, கம்பெனியையும் தெரியாது. அவரு கையில கள்ளம் இருக்காதுல்லா?"

பேபியிடம் மட்டும் சொன்னேன். அது நான் செய்த தப்பு. திங்கட்கிழமை காலையில் ஊருக்கே தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, தூறலில் நனைந்துகொண்டு சாமித்துரை அண்ணாச்சியே வந்துவிட்டார். பக்கத்து ஊர்க்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். சிரித்த முகம். வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி, தலையைத் துடைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அக்கா, ஊருக்குள்ள ஒரு பேச்சு ஓடுதே, நெசமா?"

"நெசந்தான் தம்பி. வாங்க, உக்காருங்க."

"இந்த வேலையில பதினெட்டு வருசமா இருக்கேன். எத்தனையோ பேரு சோசியம் பாப்பாவ, கவுளி சத்தம் கேப்பாவ. வெள்ளைக்காரன வச்சுக் கேட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான்." பாயில் உட்கார்ந்தார். "சரி, இதுல எது உங்க ஆளு?"

இத்தாலியில் அப்போது மத்தியானம். ஆனால் ஆட்டம் பெரிய கூரைக்குக் கீழே நடந்தது. சுற்றிலும் இருட்டு, நடுவில் மட்டும் வெளிச்சம். கிணற்றுக்குள் சூரியன் விழுந்த மாதிரி அந்த நீலத் தரை மின்னியது. வெளியே எங்கள் ஓட்டின் மேல் மழை. உள்ளே அந்த டொக், டொக். எதிரே ஆடியவன் பச்சைச்சட்டை. துண்டுக்காரரின் பாதி வயதுதான் இருக்கும்.

முதல் பாகம் பச்சைச்சட்டைக்குப் போனது. இரண்டாவதைத் துண்டுக்காரர் எடுத்தார். அண்ணாச்சிக்கு ஆட்டம் ஒன்றும் தெரியவில்லை. கூட்டம் கை தட்டினால் அவரும் தட்டுவார். பிறகு மதினியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்வார். மூன்றாவது பாகத்தில் துண்டுக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் குனிந்து நின்றார். அதோடு சரி. தோற்றுவிட்டார். பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கையைக் காட்டிவிட்டு, வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனார்.

அண்ணாச்சி அப்போது 'பாத்தீங்களா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் எனக்கு அவர் மேல் வெறுப்பு வந்திருக்கும். அவர் சொல்லவில்லை. மதினி கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்தார். தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "வாரேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு மழையிலேயே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் மதினி அவருக்குப் போன் போட்டாள். "வெள்ளிக்கிழமை பத்திர ஆபீசுக்கு வாரேன் தம்பி."

அன்று நாங்கள் பேபியின் காட்டில் களை எடுத்தோம். மழை விட்ட கரிசல், காலில் அப்பிக்கொண்டு அடி வைக்கவிடாமல் இழுக்கும். மேகத்தின் நிழல் ஒன்று எங்கள் மேலேறி, பாசிச் செடிகளின் மேலே போய், தூரத்தில் ஏற்கெனவே சோலார்க் கண்ணாடி பதித்த காடுகளுக்குள் விழுந்தது. அந்தக் கண்ணாடிகள் தூரத்தில் இருந்து பார்த்தால் கண்மாய் மாதிரி இருக்கும். கொக்குகள்கூட முதலில் ஏமாந்து வந்து இறங்கின. மதினி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னாள்.

"ராத்திரி ஒரு சொப்பனம்ட்டி. என் காட்டுல கோலமாவு வச்சுக் கோடு போட்டிருக்கு. ஈரக் கரிசல்ல வெள்ளைக் கோடு. அத்தனை அழகா இருக்கு. நடுவுல துண்டுக்காரரு நிக்காரு. காலு ரெண்டும் சகதியில பொதஞ்சுபோச்சு, எடுக்க முடியலை. நான் வரப்புல நிக்கேன். என்னையப் பாத்துக் கைய ஆட்டுதாரு. போயிட்டு வாரேன்னு ஆட்டுத மாதிரி இல்லை. கூப்புடுத மாதிரி. எனக்கு அவரு பேரு தெரியலை, என்னன்னு சொல்லிப் பதில் சொல்ல? அப்படியே நிக்கேன்."

பேபி குனிந்து அடுத்த களையைப் பிடுங்கினாள்.

புதன்கிழமை சாயங்காலம் நான் உலை வைத்துக்கொண்டிருந்தேன். சுவரில் தட்டுகிற சத்தம்.

"ஏட்டி முத்துச்செல்வி! ஓடியா! ஓடியாட்டி!"

பாம்பு ஏதும் வந்துவிட்டதோ என்று ஓடினேன். மதினி டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு விரலை நீட்டினாள். அங்கே துண்டுக்காரர் நின்றார். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"பழச போடுதானோ?" என்றேன்.

"இல்லட்டி. அன்னைக்கு வெள்ளைச் சட்டை, இன்னைக்குக் கருநீலம். எதுத்தாப்புல ஆடுததும் வேற ஆளு, முணுமுணுப்பான். தோத்தவரு எப்படித் திரும்ப வந்தாரு?"

மதினி உட்காரவே இல்லை. பழைய ஆட்டம் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. அவர் நொண்டிக்கொண்டே ஆடினார். ஓடிப் போய் எடுக்க வேண்டிய பந்துகளை விட்டுவிட்டார். கைக்கு எட்டியதை மட்டும் மெதுவாக, மூலை பார்த்து வைத்தார். மதினி பாதியில் வாசலுக்குப் போய்விட்டாள். அங்கிருந்தே, "என்னட்டி ஆச்சு, என்னட்டி ஆச்சு" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எண்ணைப் படித்துச் சொன்னேன். கடைசிப் பந்து விழுந்து கூட்டம் எழுந்தபோது அவளே ஓடி வந்தாள்.

அவர் ஜெயித்திருந்தார். ஆனால் குதிக்கவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்து துண்டைத் தலையில் போட்டு முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் இரண்டும் குலுங்கின. கேமரா வெகு நேரம் அதையே காட்டியது. மதினி டிவிக்குக் கிட்டே போய், குனிந்து, அடுத்த வீட்டுக்காரரைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"அழுதாரு" என்றாள்.

மறுநாள் வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது சாமித்துரை அண்ணாச்சி பாதையில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தார். இரண்டு செருப்பிலும் மண் அப்பி, ஒரு சாண் உயரம் கூடியிருந்தார். வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குக் கார் வரும் என்று சொல்ல வந்திருந்தார்.

"தம்பி, அந்தப் போன்ல ஒண்ணு பாத்துச் சொல்லணுமே" என்றாள் மதினி. "துண்டுக்காரரு நேத்துத் திரும்பவும் வந்து ஆடுனாரு. அது எப்படி?"

"தோத்தவரா? இருக்காதுக்கா."

"நானும் பாத்தேன் அண்ணாச்சி" என்றேன். நான் பேசியதே அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். போனை எடுத்தார். வெயிலுக்குக் கையால் நிழல் வைத்து வெகு நேரம் படித்தார். அவர் உதடு அசைவது நிற்கிற இடத்தில் எல்லாம் நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் நினைத்திருந்தால், ஒன்றும் புரியவில்லை என்று சொல்லிப் போனைப் பைக்குள் வைத்திருக்கலாம். எங்களில் யாருக்கும் அந்த இங்கிலீஷைப் படிக்கத் தெரியாது.

"எட்டுப் பேரு" என்று மெதுவாக ஆரம்பித்தார். "நாலு நாலு பேரா ரெண்டு கூட்டம் பிரிப்பாவளாம். ஒரு கூட்டத்துல இருக்கவன் மத்த மூணு பேரோடயும் ஆடியே ஆகணுமாம். ஒரு தடவை தோத்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதில்லையாம். மூணு ஆட்டமும் முடிஞ்ச பொறவுதான் யாரு உள்ள, யாரு வெளியன்னு பாப்பாவளாம்." பெருமூச்சு விட்டார். "வருசம் பூரா நடக்குத மத்த ஆட்டம் எல்லாம் தோத்தா வெளியதானாம். இந்த ஒண்ணு மட்டும் இப்படியாம்."

பேபி கஞ்சித் தூக்கை டப்பென்று கீழே வைத்தாள்.

"அப்போ மதினி கேட்ட கேள்விக்கு இன்னும் பதிலே வரலைல்லா!"

"அது எப்படி?" என்றார் அண்ணாச்சி. "அக்கா என்ன சொன்னாவ? தோத்தா கொடுக்கேன்னு சொன்னாவ. திங்கக்கிழமை தோத்தாரா இல்லையா?"

"தோத்தாரு. ஆனா வெளிய போகலையே!"

அந்த வழியாக ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டு போன பூசாரி வன்னியபெருமாளும் நின்றுவிட்டார். "சாமிகிட்ட ஒரு கேள்விய ஒருக்கத்தான் கேக்கணும். பதில் பிடிக்கலைன்னு திரும்பத் திரும்பக் கேக்கப்படாது" என்றார்.

"திரும்பக் கேட்டது யாரு மாமா? அவரு பாட்டுக்குத் திரும்ப வந்து நிக்காரு" என்றாள் பேபி. "முன்னால ஒருக்க நீங்க பொட்டலம் மடிக்குதப்போ செவப்புப்பூ நழுவி விழுந்துதே, அன்னைக்கு ரெண்டு தரம் போட்டீங்களா இல்லையா?"

எல்லாரும் சிரித்தார்கள். பூசாரி தழைக்கட்டைத் தோள் மாற்றிக்கொண்டு நடையைக் கட்டினார். மதினி மட்டும் சிரிக்கவில்லை. வரப்பு மண்ணை ஒரு குச்சியால் கீறிக்கொண்டிருந்தாள்.

"மூணாவது ஆட்டம் என்னைக்குத் தம்பி?"

"நாளைக்குச் சாயங்காலம். நம்ம ஆபீசு அதுக்குள்ள அடைச்சிருவான்க்கா." கொஞ்சம் தயங்கினார். "கார் பதினோரு மணிக்கு வரும்."

வெள்ளிக்கிழமை வானம் வெளுத்திருந்தது. தூரத்துச் செடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்கு அத்தனை தெளிச்சல். பதினோரு மணிக்குக் கார் வந்தது. அண்ணாச்சி இறங்கி வந்தார். கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் காகிதங்கள். மதினி வெளியே வந்தாள். நல்ல சேலை கட்டியிருக்கவில்லை. காட்டுக்குப் போகிற பழைய சேலை, அதன் மேலே திருப்பதி அண்ணனின் முழுக்கைச் சட்டை. நாங்கள் எல்லாரும் களைக்குப் போகும்போது போடுகிற மாதிரி. அந்தச் சட்டையைப் பார்த்ததுமே அண்ணாச்சிக்கு விளங்கிவிட்டது. பையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, சாயங்கால ஆட்டம் வரைக்கும் பாக்கணும்னு நெனைக்கீங்களா? கம்பெனிக்காரன்கிட்ட ஒரு நாள் கேட்டுப் பாக்கேன்."

"வேண்டாம் தம்பி. அந்த முடிச்ச அவுத்துட்டேன். அம்மனுக்கு விளக்குப் போட்டு, தப்பு என் பேருலன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"என்ன தப்பு?"

மதினி சட்டையின் கைப்பட்டியை மடித்து விட்டுக்கொண்டே சொன்னாள். "புதங்கெழமை அவரு அழுததப் பாத்தேன். எதுக்கு அழுதாருன்னு நமக்குத் தெரியாது. முட்டு வலியா இருக்கும், வீட்டுல ஏதும் இருக்கும், வயசாகுதேன்னு இருக்கும். அவரு பாரத்த அவரு சொமக்காரு. அது போதாதுன்னு என் நாலு ஏக்கரையும் தூக்கி அவரு தலையில வச்சுட்டு, நான் இங்கன பாய விரிச்சு உக்காந்திருக்கேன். சொப்பனத்துல சகதியில நின்னாருல்லா, அது நான் நிறுத்துனதுதான். நெலத்த இருவத்தஞ்சு வருசம் உழுதது நானு. கொடுக்கேன்னோ மாட்டேன்னோ நாந்தான சொல்லணும்?"

"சரி, சொல்லுங்க."

"மாட்டேன்."

சொல்லிவிட்டு மற்றக் கைப்பட்டியையும் மடித்துவிட்டாள்.

"சுத்தி வேலி வந்துரும்க்கா. நாளைக்கு ஐயோன்னு சொல்லக் கூடாது."

"வரட்டும். ஆனா தெக்க இருந்து என் காட்டுக்கு வண்டிப்பாதை இருக்கு. அத விட்டுட்டு அடைக்கச் சொல்லுங்க. எங்க மாமனார் காலத்துப் பாதை, பத்திரத்துலயும் இருக்கு."

"அத நான் சொன்னா கேக்க மாட்டான்."

"அப்போ கேக்குத ஆளக் கூட்டிட்டு வாங்க. நான் அங்கனதான் நிப்பேன்."

அண்ணாச்சி காரைப் பார்த்தார், பையைப் பார்த்தார். அவருக்கு வர வேண்டிய தரகுப் பணம் போய்விட்டது என்று எனக்கும் தெரியும், மதினிக்கும் தெரியும். ஆனாலும் அவர் சிரித்தார். "உங்க துண்டுக்காரரு என்னையும்ல்லா சேத்துத் தோக்கடிச்சுட்டாரு!" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அன்று சாயங்காலம் மதினி விளக்கேற்றிவிட்டு டிவியைப் போட்டாள். நான் வாசல்படியில் உட்காரும்போது வேப்பமரத்தடியில் வண்டிச் சத்தம். அண்ணாச்சி.

"என்ன தம்பி, பாதை விசயமா?"

"அதுக்கு நாளைக்கு ஆளு வருது. நான் ஆட்டம் பாக்க வந்தேன். ஏன், பாக்கக் கூடாதா? எனக்கும் முடிவு தெரிய வேண்டாமா?"

மதினி பாயைத் தள்ளிப் போட்டாள். அன்றைக்கு அவள் பார்த்தது வேறு மாதிரி இருந்தது. காலை நீட்டிக்கொண்டாள். நல்ல பந்து என்றால் எவன் அடித்தாலும் "ஆகா!" என்றாள். துண்டுக்காரர் வலையில் அடித்தபோது, "அடப்பாவி மனுசா, இன்னும் ஒரு அடி தூக்குனா என்ன?" என்று திட்டினாள். இத்தனை நாளில் அவரை அவள் திட்டி நான் கேட்டதில்லை. அந்த நீலத் தரையில் வெளிச்சம் வழிந்துகொண்டிருந்தது. பந்து போய் வந்தது. அறையில் மூன்று பேரின் மூச்சும் கொஞ்ச நேரத்தில் ஒன்றுபோல ஆனது.

துண்டுக்காரர் தோற்றார். நேர் இரண்டு பாகத்தில், முக்கால் மணி நேரம் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். அண்ணாச்சி தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார்.

"சே! அந்தக் கடைசிப் பந்த விட்டுருக்க வேண்டாம்க்கா!" அவசரமாகப் போனைத் தேய்த்துப் பார்த்தார். "போச்சு. இந்தத் தடவை வெளியதான். கணக்குப் போட்டுப் பாத்தாலும் வெளியதான்."

"நெசமாவே வீட்டுக்குப் போறாரா?"

"ஆமா."

"நல்லது. போயி முட்டுக்கு ஒத்தடம் கொடுக்கட்டும்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அழுவாளோ என்று பயந்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, நாளைக்கு என் காட்டுக்குக் களைக்கு எத்தனை பேரு வருவீங்க? உளுந்துக்குள்ள கோரை ஏறிக் கெடக்கு. மூணு வாரமா நான் அந்தப் பக்கமே போகலை."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பேபி, பேபியின் ஓரகத்தி, மேலத்தெருவில் இரண்டு பேர், நான்.

"அஞ்சு பேரு மதினி."

"என்னையும் சேத்தா ஆறு. விடிஞ்சதும் வந்துருங்க. வெயில் ஏறுனா மண்ணு இறுகிரும்" என்றாள் மதினி. அண்ணாச்சிக்குக் காப்பி போட எழுந்து உள்ளே போனாள்.